ஆடியில் வீடு மாறியவள்

குடும்பத்தைப் பிரித்தவள் என்று இன்னொரு முறை என் காதில் விழக் கூடாது. பிரிப்பதற்கு இங்கே என்ன அரண்மனையா இருந்தது? இரண்டு அறை, கம்பி வலை அடித்த ஒரு வராண்டா, அதற்குள் இரண்டு மகன்களின் குடும்பமும் நானும். எதிர் குவார்ட்டர்ஸ் இசக்கியம்மாள் பால் பூத்தில் நின்றுகொண்டு, சின்ன மருமகள் மாமியாரை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாளே என்று சொன்னாளாம். மறந்து வைத்துவிட்டுப் போக நான் என்ன குடையா? மருமகள் என்னைக் கூப்பிட்டாள். நான்தான் வரமாட்டேன் என்றேன். அதற்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன். ஆடி மாதத்தில் வீடு மாறினாளே, நல்ல குடும்பத்துப் பெண் செய்கிற காரியமா என்றும் இசக்கியம்மாள் கேட்டாளாம். அதையும் சொல்கிறேன். முதலில் என் மருமகள் யார் என்று தெரிந்துகொண்டு பிறகு பேசுங்கள்.

மலர்விழி என் இளைய மகன் ஜெயப்பிரகாஷின் மனைவி. கிராம நர்ஸ். கம்மாபுரம் பக்கத்தில் நாலு ஊர் அவள் பொறுப்பு. எந்தத் தெருவில் எந்தப் பெண்ணுக்கு எத்தனையாவது மாதம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அடுப்படியில் நின்றபடி இரண்டு வாய், பையை எடுத்தபடி இரண்டு வாய். இடுப்பு வலி வந்தவளிடம் நாளைக்கு வா என்று சொல்ல முடியுமா? அந்த வேலையைச் செய்து செய்து அவள் உடம்பே அப்படி ஆகிவிட்டது. காத்திருக்கச் சொன்னால் கை கால் எல்லாம் பதறும்.

எங்களுக்கும் அந்தப் பக்கம்தான் ஊர். இப்போது அந்த ஊர் இல்லை, சுரங்கத்துக்குப் போய்விட்டது. எடுத்துக்கொண்ட எங்கள் நிலத்துக்குப் பதிலாகச் சுரங்கக் கம்பெனியில் ஒரு வேலை கிடைத்தது. ஒரு வேலை, எனக்கு இரண்டு பிள்ளைகள். சின்னவன் அப்போது அரைக்கால் சட்டை. அதனால் பெரியவன் ராஜேந்திரன் வேலைக்குப் போனான். எலக்ட்ரீஷியன் ஆனான், பர்மனென்ட் ஆனான், குவார்ட்டர்ஸ் கிடைத்தது. போவதற்கு முன்னால் பங்காளிகள் அத்தனை பேரையும் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னான்.

"வேலை என் பேர்ல இருந்தாலும் சோறு ரெண்டு பேருக்கும். நான் இருக்கிற வூட்லதான் என் தம்பி இருப்பான்."

யாரும் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான். சொன்னபடி செய்தான் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். சின்னவன் வளர்ந்து அதே மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போனான். கல்யாணம் ஆகி, குழந்தை பிறந்து, வராண்டாவில் கட்டில் போட்டுக் குடும்பம் நடத்தினான். பெரியவன் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. பெரிய மருமகள் பிரபாவதி சுளித்திருப்பாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன், அடுப்பு ஒன்றுதானே.

தானே புயல் அடித்து இரண்டு வருஷம் கழித்து வந்த தையில் மலர்விழி வீட்டுப் பேச்சை எடுத்தாள். பெரியவனுக்கு ரிட்டயர்மென்ட் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வந்துவிட்டது. ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அப்போது எல்லோரும் ஒரே நேரத்தில் இடம் தேடி அலைய வேண்டாம், என் சம்பளத்துக்கு லோன் கிடைக்கும், நாங்கள் முன்னால் போய் ஒரு வீட்டைப் பிடித்துக்கொள்கிறோம் என்றாள். பெரியவன் தலையாட்டினான்.

குவார்ட்டர்ஸுக்கு வெளியே வடக்குத்து என்கிற ஊரில் ஒரு வீடும் பார்த்து வைத்திருந்தாள். ராயப்பன் என்று மைன்ஸில் ரிட்டயர் ஆனவர் கட்டிய வீடு. திருச்சியில் மகளோடு போய் இருக்கப்போகிறார், அதனால் விற்கிறார். ஸ்கூட்டியில் என்னை ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினாள்.

"அத்த, இந்த ரூம் ஒங்களுக்கு. ஜன்னலத் தொறந்தா ரோடு. போறவங்க வரவங்க எல்லாரையும் வம்புக்கு இழுத்துக்கினு இருக்கலாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சுவரைத் தடவிப் பார்த்த கையை அவள் எடுக்கவே இல்லை. அவள் அப்பன் வீடும் வாடகை வீடு. இங்கே வந்தால் கம்பெனியின் கூரை, அதுவும் புருஷனின் அண்ணன் பெயரில். தன் பெயரில் ஒரு சுவர் என்பது அவள் பரம்பரையில் யாருக்கும் இருந்ததில்லை. கம்பெனி டவுன்ஷிப்பில் கரண்ட் போகாது, தண்ணீர் நிற்காது, இதை விட்டுவிட்டு எவளாவது வடக்குத்துக்குப் போவாளா என்று அப்போதே ஆளாளுக்குக் கேட்டார்கள். அவள் போவாள்.

அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட் போட்டார்கள். ஆனி முடிவதற்குள் பத்திரம் முடிய வேண்டும் என்பது பேச்சு. ஆடி பிறந்தால் பத்திரம் பதியமாட்டேன், அதற்கு மேல் காத்திருக்கவும் மாட்டேன், வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று ராயப்பன் முதலிலேயே சொல்லிவிட்டார்.

பேங்க் வேலை எங்களில் யாருக்குத் தெரியும்? குவார்ட்டர்ஸில் பழகினவர்களுக்குக் குழாய் ஒழுகினால் புகார் எழுதி வைப்பது தெரியும், ஆள் வரும்வரை உட்கார்ந்திருப்பது தெரியும். பெரியவன்தான், கொளஞ்சிநாதன் இருக்கிறான், நம்ம ஊர்க்காரன், வீட்டு லோன் வாங்கிக் கொடுக்கிற ஏஜெண்ட், அவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வான் என்றான். பேப்பர்களையும் பெரியவனே கொண்டுபோய் அவனிடம் கொடுத்தான்.

கொளஞ்சிநாதன் மெயின் ரோட்டில் ஒரு சின்னக் கடை வைத்திருந்தான். பெண்பிள்ளை தனியாகப் போய் வந்தால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள் என்று மலர்விழி என்னைக் கூட்டிக்கொண்டு போவாள். போனதும் டீ சொல்வான். டீ வந்துவிடும், லோன்தான் வராது. மாசியில் பேங்க் மேனேஜர் மாற்றலாகிவிட்டார் என்றான். பங்குனியில் வருஷக் கணக்கு முடிக்கிறார்கள், யாரும் தலைநிமிர மாட்டார்கள் என்றான். சித்திரையில் எலெக்‌ஷன் என்றான். வாங்கி வைத்த வில்லங்கச் சான்று பழசாகிவிட்டது, புதிதாக ஒன்று வாங்கி வாருங்கள் என்றான். வாங்கி வந்தோம். வைகாசியில், வீட்டுக்கு மதிப்புப் போட வரவேண்டிய இன்ஜினியரின் மனைவிக்குப் பிரசவம் என்றான். பிரசவம் என்றதும் இவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எந்த ஊர்ங்க?"

"கம்மாபுரம் பக்கந்தான் மேடம்."

"கம்மாபுரம் பக்கம் எனக்குத் தெரியாம ஒரு புள்ள பொறக்காதுங்களே. பேரச் சொல்லுங்க, நானே போய்ப் பாத்துட்டு வரேன்."

அவன் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தான். பிறகு, அந்த அம்மா தாய்வீட்டுக்குப் போயிருக்கிறதாம், சேலத்துப் பக்கம் என்றான்.

"அங்கயும் பத்து மாசந்தானுங்க? இல்ல, ஒங்க ஃபைல் மாதிரி இழுக்குமா?" என்று கேட்டுவிட்டு எழுந்தாள். டீயை அவள் தொடவில்லை. நான் குடித்தேன், வீணாக்குவானேன்.

வெளியே வந்ததும் அவள் முகத்தில் சிரிப்பில்லை. வீட்டுக்குத் திரும்பாமல் ஸ்கூட்டியை வடக்குத்துப் பக்கம் திருப்பினாள். இது வழக்கமாகிப்போனது. ராயப்பன் வீட்டுக்கு எதிரில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே ஒரு பார்வை பார்ப்பாள். வீடு எங்கேயடி ஓடிவிடும் என்று கேட்டேன்.

"வூடு ஓடாது அத்த. வூட்டுக்காரரு ஓடிடுவாரு."

ராத்திரிச் சோற்றின்போது பெரியவனிடம் கேட்பாள். இவனுங்க எல்லாம் அப்படித்தான், கொஞ்சம் பொறு என்பான். சின்னவனிடம் கேட்டால், அண்ணன் பார்த்துக்கொள்வார் என்பான். பாத்திரம் துலக்கும் சத்தத்திலேயே அன்றைக்கு அவள் மனசு எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். ஆனி பாதி போனபோது துலக்குவதையே விட்டுவிட்டாள். வராண்டாவுக்கும் கேட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

கடைசியில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பேங்குக்கே போனாள். மேனேஜர் சின்ன வயசுக்காரர். தேடிப் பார்த்துவிட்டு, இந்தப் பெயரில் எங்களிடம் மனுவே வரவில்லையே அம்மா என்றார். கவர்மென்ட் சம்பளம் வாங்குகிற உங்களுக்கு எதற்கு நடுவில் ஒரு ஆள், நேரே வந்திருந்தால் எப்போதோ முடிந்திருக்குமே என்றார். இனிமேல் கொடுத்தால் ஆனிக்குள் ஆகாது என்றும் சொன்னார். ஒருவேளை அந்த வீடு கைவிட்டுப் போனாலும், உங்கள் சம்பளத்துக்கு எவ்வளவு கொடுப்போம் என்று முதலில் எழுதி வாங்கிக்கொள்ளலாம், வீட்டைப் பிறகு பார்க்கலாம் என்றார். நல்ல பிள்ளை.

அங்கிருந்து கொளஞ்சிநாதன் கடைக்கு. அன்றைக்கு அவன் டீ சொல்லவில்லை. பேங்குக்குப் போய் வந்தோம் என்று மலர்விழி சொன்னதும் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினான்.

"பெரியம்மா, நான் மெதுவா செய்யற ஆளுதான், இல்லங்கல. ஆனா பேப்பர உள்ள குடுக்காம வச்சிக்கினு இருந்தது என் யோசனை இல்ல. ராஜேந்திரன் அண்ணன்தான், நிறுத்தி வை, நான் சொல்றப்ப குடு, அதுக்குள்ள அவளுக்கே ஆச அடங்கிடும்னாரு. மாசா மாசம் புதுசா எதச் சொல்றது? போன மாசம் என்னா சொன்னேன்னு எனக்கே மறந்து போவுது."

மலர்விழி கையை நீட்டினாள். அவன் மேஜைக்குள்ளிருந்து பேப்பர் கட்டை எடுத்துக் கொடுத்தான்.

ராயப்பனிடம் போனோம். அவரைக் குறை சொல்ல முடியாது. இன்னொரு ஆள் முழுப் பணத்தோடு நிற்கிறார், உங்களுக்காக இத்தனை நாள் பொறுத்தேன், இனி முடியாது என்று சொல்லி, அட்வான்ஸைப் பைசா குறைக்காமல் திருப்பிக் கொடுத்தார். மலர்விழி அந்த வீட்டை மறுபடி நிமிர்ந்து பார்க்கவில்லை.

பெரியவன் முதல் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தான். இவள் எதிரில் போய் நின்றாள்.

"மாமா, கொளஞ்சிநாதனப் பாத்துட்டு வரேன்."

அவன் தட்டிலிருந்து கையை எடுத்தான். இல்லை என்று சொல்லவில்லை. என் பெரிய பிள்ளைக்குப் பொய் சொல்ல வராது, அதனால்தான் ஆள் வைத்துச் சொல்லியிருக்கிறான்.

"நீங்க வெளிய போனா பங்காளிங்க என்னா சொல்லுவாங்க? நெலம் ரெண்டு பேருது, வேலைய இவன் வாங்கிக்கினு தம்பிய வெளிய தள்ளிட்டான்னு சொல்லுவாங்க. நான் ரிட்டயர் ஆவற அன்னிக்கு எல்லாரும் ஒண்ணா எறங்கினா அந்தப் பேச்சு வராது. அவ்ளோதான்."

"அத அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட சொல்லியிருக்கலாமே மாமா."

சின்னவன் கதவோரம் நின்றிருந்தான். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வேணாம்னு இருப்பேனே அண்ணே" என்றான்.

மலர்விழி அவன் பக்கம் திரும்பினாள். "நீங்க இருப்பீங்க. நான் இருக்க மாட்டேன். அது மாமாவுக்குத் தெரியும்."

அதற்கு மேல் அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. என் பிள்ளை கெட்டவன் இல்லை. தான் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்ற நினைத்தான். ஆனால் அந்த வார்த்தையை அவன் கொடுத்தபோது அவள் இந்தக் குடும்பத்திலேயே இல்லை. இல்லாதவளை அதற்குள் வைத்துப் பூட்டலாமா?

நாலு நாளில் வடக்குத்தில் ஒரு வாடகை வீடு பார்த்துவிட்டாள். வாடகைக்கா என்று பெரியவன் அதிர்ந்தான். சொந்த வீட்டுக்குப் போனால்கூட ஒரு பதில் சொல்லலாம், சும்மா கிடைக்கிற குவார்ட்டர்ஸை விட்டுவிட்டு வாடகைக்குப் போனால் நான் விரட்டினேன் என்றல்லவா சொல்வார்கள் என்றான். இங்கேயே இருந்தால் அடுத்த வீடும் இப்படித்தான் கைநழுவும், அங்கே இருந்துகொண்டே லோன் வாங்கிக்கொள்கிறேன் என்றாள். அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடி போகட்டும், ஆவணியில் நாள் பார்க்கலாம் என்றான்.

"ஆடியில புள்ள பொறக்காம இருக்குதா மாமா? தையிலேர்ந்து நான் நல்ல நாளுதான் பாத்துக்கினு இருக்கேன்."

சரி, போவதுதான் போகிறீர்கள், விடிவதற்கு முன்னால் சாமானை ஏற்றிவிடுங்கள், பிளாக் முழுக்க வேடிக்கை பார்க்க வேண்டாம் என்றான். அதுவரை வாய் திறக்காமல் இருந்த நான் அப்போது திறந்தேன்.

"இருட்டுல போறதுக்கு அவ என்னா திருடிக்கினா போறா? வெளிச்சத்துல போவட்டும்."

நீங்களும் வாங்க அத்த என்று அவள் கூப்பிட்டது அதற்குப் பிறகுதான். தம்பியும் போய், பெற்றவளும் போனால், பெரியவன் இந்த ஊரில் எப்படித் தலையைக் காட்டுவான்? அவள் பக்கம் நியாயம் இருந்தது, போதும். அவனுக்கு நான் வேண்டும். வரமாட்டேன் என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை, ஆனால் அதற்கப்புறம் என்னோடு சரியாகப் பேசவும் இல்லை.

போகிற அன்றைக்கு வெயில் ஏறிய பிறகு லோடு வண்டி வந்தது. கட்டில், கிரைண்டர், குழந்தையின் சைக்கிள். சின்னவன் யாரையும் பார்க்காமல் தூக்கி ஏற்றினான். பிரபாவதி கேட்காமலே புளியையும் மிளகாயையும் பாதி பாதியாகக் கட்டிக் கொடுத்தாள். கேட்டுக்குக் கேட் ஆள் நின்றது. பெரியவன் டூட்டிக்கும் போகாமல், வெளியேயும் வராமல், உள் அறைக் கட்டிலில் யூனிஃபார்மோடு உட்கார்ந்திருந்தான். மலர்விழி உள்ளே போனாள்.

"மாமா, ஞாயித்துக்கிழம வந்து ஃபேன் மாட்டித் தரணும். வேற ஆளக் கூப்பிட மாட்டேன்."

அவன் தரையைப் பார்த்தபடியே, "ஏணி இருக்குதா அங்க?" என்று கேட்டான்.

"இல்ல."

"எடுத்தாறேன்."

அவள் வெளியே வந்தாள். குழந்தையைத் தகப்பனோடு வண்டியில் ஏற்றி வடக்குத்துக்கு அனுப்பினாள். என் காலைத் தொட்டாள். பிறகு பேப்பர் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கி, பேங்க் இருக்கிற ரோட்டுப் பக்கம் வேகமாக நடந்தாள்.