சொல்லாமல் வைத்த ஆமென்

வேதநாயகம் ஸ்தோத்திரம் சொல்லத் தொடங்கினால் சோறு ஆறிப்போகும். இது கல்முனையில் அந்தத் தெருவுக்கே தெரியும். மீன் கிடைத்ததற்கு ஒன்று, அதை ஆக்கிய கைக்கு ஒன்று, முள் தொண்டையில் சிக்காததற்கும் ஒன்று. மாலைச் செபத்தில் சின்ன மகளில் தொடங்கி ஆளுக்கொரு நன்றி சொல்லிவர, கடைசி முறை அவருடையது. ஆமென் சொல்வதும் அவர்தான். அவர் வயல்வாடிக் குடிசையில் தங்கும் நாட்களில் மனைவி றூபவதி பிள்ளைகளைச் செபம் பண்ண வைப்பாள். ஆமென் மட்டும் சொல்லமாட்டாள். "அப்பா வந்து சேர்த்துச் சொல்லுவார்" என்பாள். விளையாட்டாகத் தொடங்கிய பழக்கம்தான்.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி அடித்தபோது அவர் சாகாமத்து வயலில் நின்றார். அடுத்த வீட்டுச் சல்மா உம்மாவின் வயலை அவர்தான் செய்துவந்தார். கூட நின்றவன் சல்மா உம்மாவின் மகன் முத்தலிப்.

காற்று ஓய்ந்தபோது றூபவதியின் வீட்டுக்குக் கூரை இல்லை. பிள்ளைகள் இருவரும் கட்டிலுக்கடியில் உயிரோடு கிடந்தார்கள். சாகாமப் பக்கம் வெள்ளம் வயலை மூடிவிட்டதாக ஒருவர் சொன்னார். அப்படியொன்றும் இல்லை என்று இன்னொருவர் சொன்னார். தென்னைகள் விழுந்து தெருவெல்லாம் அடைபட்டிருந்ததால் போய்ப் பார்க்கவும் வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓடில்லாத ஆலயத்தில் நன்றி ஆராதனை. ஒவ்வொருவராக எழுந்து உயிர் தப்பியதற்கு ஸ்தோத்திரம் சொன்னார்கள். றூபவதி எழும்பவில்லை.

"பிள்ளையள் தப்பினதுக்காவது சொல்லன்" என்று பக்கத்திலிருந்தவள் முழங்கையால் இடித்தாள்.

எப்படிச் சொல்வது? பிள்ளைகளுக்காக நன்றி சொன்னால், இவளுக்கு இவ்வளவும் போதும் என்று ஆண்டவர் நினைத்து அவரைத் திருப்பித் தராவிட்டால்? முட்டாள்தனமான பயம் என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்தும் வாய் திறக்கவில்லை.

சல்மா உம்மாவோ விழுந்த வேலியை நிமிர்த்தும்போதும் அல்லாஹ்வுக்கே புகழென்று அல்ஹம்துலில்லாஹ், தண்ணீர் அள்ளும்போதும் அல்ஹம்துலில்லாஹ். றூபவதிக்கு எரிச்சல் வந்தது.

"மகன் வராம எப்பிடி உம்மா உங்களுக்கு அது வாயில வருது?"

"சொல்லாட்டி நான் விழுந்திருவன் புள்ள. அதுதான் சொல்றன்."

மறுநாள் பின்னேரம் முத்தலிப் நொண்டி நொண்டி வந்தான், தலையிலிருந்து கால்வரை சேறு. சல்மா உம்மா ஓடிப்போய் மகனைக் கட்டிக்கொண்டார். அவன் தனியே வந்திருந்தான். வேலிக்கு இப்பால் நின்ற றூபவதியைக் கண்டதும், தொண்டைவரை வந்த அல்ஹம்துலில்லாஹ்வை முக்காட்டால் பொத்திக்கொண்டார்.

"அண்ணன் எங்க தம்பி?" என்று றூபவதி கேட்டாள்.

"என்னை மரத்தில ஏத்திவிட்டுட்டு மாட்டை அவிழ்த்துவிடப் போனார் அக்கா. புறகு தண்ணி வந்திட்டு. நானும் தேடினன், காணல்ல."

றூபவதி அவன் வந்த தெருவைப் பார்த்தாள். ஆனால் பெற்ற மகன் உயிரோடு வந்து நிற்கையில், இவளுக்குப் பயந்து சல்மா உம்மா தன் சந்தோஷத்தை ஒளிப்பதைத்தான் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வேலிக்கு மேலால் அவர் கையைப் பிடித்தாள்.

"முத்தலிப்பைத் தந்ததுக்கு ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று உரத்துச் சொன்னாள்.

"ஆமீன்" என்றார் சல்மா உம்மா அழுகையோடு.

சின்ன மகள் நிமிர்ந்து பார்த்தாள். "சொல்லி முடிச்சாச்சா அம்மா?"

அது றூபவதி வேதநாயகத்துக்கென்று வைத்திருந்த சொல். ஆனாலும் அந்தக் கையை அவள் விடவில்லை.

வேதநாயகம் வரவில்லை. வெள்ளம் வடிந்தபின் அவர் அவிழ்த்துவிட்ட மாடுகள் மட்டும் வந்தன. முத்தலிப்பே வந்து அவள் வீட்டுக்குக் கூரை கட்டிக்கொடுத்தான்.

அதன்பிறகு மாலைச் செபத்தில் கடைசி முறையையும் றூபவதியே எடுத்துக்கொண்டாள். மீனுக்கு ஒன்று, ஆக்கிய கைக்கு ஒன்று, முத்தலிப்புக்கு ஒன்று, முள் சிக்காததற்கும் ஒன்று சொல்லி நிறுத்துவாள். ஆமென் மட்டும் இன்னும் அவள் வாயில் வராது. வேலிக்கு அப்பாலிருந்து சல்மா உம்மாவின் ஆமீன் கேட்கும்வரை அந்த வீட்டில் யாரும் சோற்றில் கை வைப்பதில்லை.