தேதி இல்லாத இரட்சிப்பு

கல்யாணமாகித் தேனிக்கு வந்த மூன்றாவது வாரம், கணவர் வீட்டார் போகும் சபையில் என்னைச் சேர்க்க ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், பிறந்த நாள், அப்பா பெயர் எல்லாம் மளமளவென்று எழுதினேன். அடுத்த கட்டத்தில் 'இரட்சிக்கப்பட்ட நாள்' என்று இருந்தது. இயேசுவை ஏற்றுக்கொண்டு மோட்சம் உறுதியான நாளாம். பேனா நின்றுவிட்டது.

நான் ஜெயமங்கலத்துக் கத்தோலிக்க வீட்டுப் பெண். பூசை, ஜெபமாலை எதற்கும் குறைவில்லை. ஆனால் மோட்சம் உறுதி என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. "அதை நாம எப்படித்தான் சொல்ல முடியும்? கடைசி மூச்சு வரைக்கும் ஒழுங்கா இருக்கணும். மிச்சம் ஆண்டவர் பாடு" என்பார் அம்மா. கணவர் வீட்டில் கதையே வேறு. குடும்பப் பாத்திரக்கடையில் உட்கார்ந்திருக்கும் என் அத்தை, கணவரின் அம்மா, குக்கர் வாங்க வந்தவர்களிடம்கூடத் தான் இரட்சிக்கப்பட்ட வருஷம், மாதம், கிழமை எல்லாம் சொல்லிவிடுவார்.

அந்த அத்தைதான் அப்போது எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கட்டத்தைக் காலியாக விடப் பயமாக இருந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த நாள் நினைவுக்கு வந்தது. அதுவரை நான் அதிகம் சந்தோஷப்பட்ட நாள் அதுதான். எழுதிவிட்டேன்.

அதை ஆவிக்குரிய பிறந்தநாள் என்று அவர்கள் கொண்டாடுவார்கள் என்று எனக்கென்ன தெரியும்? வருஷா வருஷம் அந்தத் தேதியை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை என்னை முன்னால் அழைத்துப் பாடினார்கள், வசன அட்டை கொடுத்தார்கள். நான் சிரித்தபடி வாங்கிக்கொண்டேன். இதற்கிடையில் வேதம் படிப்பதிலும் ஜெபிப்பதிலும் எனக்கு உண்மையாகவே ருசி வந்திருந்தது. ஆனால் முழங்கால் போட்டால் அந்தத் தேதி முன்னால் வந்து நிற்கும். பொய் சொல்லி உள்ளே வந்தவளுக்கு ஏது நிச்சயம்?

போன வருஷம் ஞானஸ்நான வகுப்பில் பெண்களுக்கு உதவியாக என்னைப் போதகர் அமர்த்தினார். நூல் மில்லில் வேலை பார்க்கும் ஒரு பெண், வகுப்பு முடிந்தும் போகாமல் வாசலில் நின்றாள்.

"அக்கா, உங்களுக்கு மட்டும் எப்படிக்கா அந்த நாள் தெரிஞ்சுச்சு?"

"ஏன் கேக்குற?"

"இயேசப்பாவை நம்புறேன்க்கா, ரொம்ப நம்புறேன். ஆனா எந்த நாள்னு தெரியலையே. பாஸ்டர் தேதி கேட்டாகன்னா என்ன சொல்ல? தேதி இல்லாட்டி இயேசப்பா என்னைச் சேத்துக்க மாட்டாரோ?" கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

என் பொய் இன்னொருத்தியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது. வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எங்க அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத" என்றார்.

அடுத்த ஞாயிறு என் 'பிறந்தநாள்' வந்தது. முன்னால் போனேன். பாட ஆரம்பிக்குமுன் மைக்கைக் கேட்டு வாங்கினேன்.

"இந்தத் தேதி பொய். இது எனக்குப் பத்தாங்கிளாஸ் ரிசல்ட் வந்த நாள்."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். வெட்கத்தில் செத்துவிடுவேன் என்று நினைத்திருந்தேன். ஆனால் நெஞ்சு லேசானது. நாலு வருஷமாக இந்தப் பொய் ஆண்டவருக்குத் தெரியும். ஒருநாள்கூட என்னைத் தள்ளவில்லை. தேதி போய்விட்டது, அவர் போகவில்லை. அத்தனை பேர் நடுவில் அது பளிச்சென்று புரிந்தது.

"எந்த நாள்னு எனக்குத் தெரியாது. ஆனா நான் அவரோட பிள்ளை. அது நிச்சயம்" என்றேன். 'நிச்சயம்' என்ற சொல்லை என் வாய் சொன்னது அதுதான் முதல் தடவை.

முன்வரிசையில் அத்தை எழுந்தார். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"எனக்கும் தேதி தெரியாது" என்றார் அவர். "அந்தக் காலத்துல பாஸ்டர் கேட்டாக. ஏதோ ஒரு கன்வென்ஷன் கூட்டத்து நாளைச் சொல்லிவச்சேன். சொல்லிச் சொல்லி அதுவே நெசமாயிருச்சு." என் பக்கம் திரும்பினார். "நாலு வருஷமா மனசுக்குள்ளயே வச்சிருந்தியா ஆத்தா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

சபையே சிரித்தது. வேறு சிலரும் எழுந்து அதையே சொன்னார்கள். போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தேதி தெரிஞ்சவுக யாராச்சும் இருக்கீகளா?" என்று கேட்டார். மூன்று கைகள் உயர்ந்தன. "ரொம்பச் சந்தோஷம். தெரியாதவுகளும் அதே சந்தோஷத்தோட பாடுங்க" என்றார். அன்றைக்குப் பாடியதுபோல அந்தக் கூரையின் கீழ் யாரும் பாடிக் கேட்டதில்லை.

என் அம்மா இன்னும் இந்த நிச்சயத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "அவ்வளவு துணிச்சலாச் சொல்லாத" என்கிறார். துணிச்சல் என்னுடையது இல்லை, ஆண்டவர் கொடுத்தது என்று சொல்லிப் பார்த்துவிட்டேன்.

மறுமாதம் பெரியகுளத்துப் பக்கம் ஒரு மாந்தோப்புத் தண்ணீர்த் தொட்டியில் ஞானஸ்நானம் நடந்தது. மில் பெண் தண்ணீரில் இறங்கினாள். "நம்புறியா?" என்று மட்டும் போதகர் கேட்டார். "நம்புறேன்!" என்று அவள் போட்ட சத்தத்தில் ரோட்டில் சைக்கிளில் போனவர் இறங்கி நின்று பார்த்தார். மூழ்கி எழுந்தவள் துண்டைக்கூட வாங்காமல் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். பட்டுச்சேலை முழுக்க நனைந்தது. இருவரும் சிரித்துக்கொண்டே நின்றோம்.