வரையறவங்க ஊட்டுச் செல்வமேரி

புதிதாக வந்து இறங்குகிறவரிடம் செல்வமேரி பெயரைக் கேட்பதில்லை. பெட்டியைக் கையில் வாங்கியபடியே, "உங்களுக்கு எது ஆகாதுங்க?" என்றுதான் கேட்பார். கத்தரிக்காய் ஆகாது, பால் ஆகாது, காலையில் பேச்சு ஆகாது என்று அவர்கள் சொல்வதை மனத்தில் வாங்கிக்கொண்டு, அடுப்படிக்குப் போனதும் கைபேசியில் அதையே பெயராகப் பதிந்துகொள்வார். 'கீரை வேண்டாம் சார்', 'கடுங்காப்பி அம்மா', 'மத்தியானம் தூங்கற தம்பி' என்று இருநூற்றுச் சொச்சம் பேர் அதில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் செய்த சிற்பம் வெளிநாட்டில் ஒரு காட்சிக்கூடத்தில் நிற்கிறது என்று யாரோ சொன்னபோது, "பூண்டு ஆகாதவருங்களா?" என்று கேட்டுத் தெளிந்தார்.

ஏற்காட்டில், ஒண்டிக்கடையிலிருந்து மஞ்சக்குட்டை போகிற சாலையில், சில்வர் ஓக் மரங்களுக்குப் பின்னால் அந்த வீடு இருக்கிறது. முன்பு எஸ்டேட் மேனேஜர் குடியிருந்தது. ஏழு வருடங்களாக அங்கே ஓவியரோ சிற்பியோ எழுத்தாளரோ வந்து ஒரு மாதம் தங்கலாம். சோற்றுக்கும் வாடகைக்கும் கவலைப்படாமல் தம் வேலையைப் பார்த்துவிட்டுப் போகலாம். சேலத்துக்காரரான ஓவியர் சுஜாதா ஓர் அறக்கட்டளை வைத்து இதை நடத்துகிறார். பலகையில் 'கலைஞர் உறைவிடம்' என்றிருக்கிறது. ஜீப்காரர்களுக்கு அது 'வரையறவங்க ஊடு'.

சமைக்கவும் பெருக்கவும் என்று வேலைக்கு வந்தவர் செல்வமேரி. வயது ஐம்பத்து மூன்று. காப்பிப் பழம் பறித்துக் காய்ப்பேறிய விரல்கள். எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டும் கணவர் மனுவேலுக்கு ஆரம்பத்தில் இந்த வேலை பிடிக்கவில்லை. பகலெல்லாம் படுத்துக் கிடக்கிறவர்களுக்கு எதற்குச் சோறாக்கிப் போடுவது என்று முணுமுணுப்பார். செல்வமேரிக்கும் முதல் வருடம் அந்தச் சந்தேகம் இருந்தது. பார்க்கப் பார்க்கத்தான் பிடிபட்டது. தங்கியிருப்பவரிடம் 'வேலை எதுவரைக்கும் வந்திருக்கு' என்று யாரும் கேட்கக் கூடாது என்பதை அவராகவே வீட்டுச் சட்டமாக்கினார். "அதக் கேட்டாப் போதும், அன்னிக்குச் சோறு எறங்காதுங்க அவங்களுக்கு" என்பார்.

போன டிசம்பரில் அபிஷா என்று ஓர் இளம் ஓவியர் வந்தார். இருபத்து நான்கு நாள் தூரிகையைத் தொடவில்லை. தூங்கினார், சாப்பிட்டார், இரண்டு முறை அழுதார். சேலத்திலிருந்து வந்து பார்த்த சுஜாதாவே கலங்கிப் போய், நாம் பேசிப் பார்க்கலாமா என்றார். வேண்டாம் என்று செல்வமேரி தடுத்துவிட்டார். இருபத்தைந்தாம் நாள் காலை அபிஷா எழுந்து, பழம் எடை போடும் இடத்துக்குப் போய் நின்றார். மீதி ஐந்து நாளில், சாக்கும் கூடையுமாக வரிசையில் நிற்கும் பெண்களை முதுகுப்புறமாகவே பதினொரு படங்கள் வரைந்தார்.

கிளம்பும் முன் அவற்றைத் தேவாலயக் கூடத்தில் மாட்டிவைத்தார்கள். பறிக்கிற பெண்கள் கூட்டமாக வந்தார்கள். ஒரு படத்திலும் முகம் இல்லை. ஆனாலும் சாக்கில் போட்ட ஒட்டுத் துணியையும் நிற்கிற சாய்வையும் வைத்து ஒவ்வொருத்தியும் தன்னைக் கண்டுபிடித்தாள். அவர்களில் ராசாத்தி என்பவள் தன் படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றாள். தன் முதுகைத் தான் பார்த்ததே இல்லை என்று செல்வமேரியிடம் மெல்லச் சொன்னாள்.

பிப்ரவரியில், வருடா வருடம் செலவுக்குப் பணம் கொடுத்து வந்த சென்னைக் கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மாதத்துக்கு எத்தனை படம், எத்தனை பேருக்குப் பயன் என்று விசாரித்தார். சுஜாதா நிறைய விளக்கினார். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப ஒரு மாசத்துக்கு, ஒரு அறைக்கு, ஒரே ஒரு ஆள்தானா?" என்றார்.

காப்பி கொண்டுவந்த செல்வமேரி டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க சார், ஒரு ஆளுன்னா கொறச்சலுங்களா?"

அவர் சிரித்தார். நல்ல மனிதர்தான், காப்பியைப் பாராட்டிவிட்டுப் போனார். அடுத்த மாதம் கடிதம் வந்தது. இனி அதிகம் பேருக்குப் பயன்படும் திட்டங்களுக்கே நிதி என்றிருந்தது. சுஜாதா மலையேறி வந்து, மாதக் கடைசியில் வீட்டை ஒப்படைத்துவிடலாம் என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுற்றுலாக்காரர்களுக்கு விடலாமே என்று மனுவேல் யோசனை சொன்னார். செல்வமேரி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

மறுநாள் பாத்திரம் கழுவி முடித்ததும் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து, கைபேசியில் இருந்த அத்தனை பேருக்கும் குரல் செய்தி அனுப்பினார்.

"நான் வரையறவங்க ஊட்டுச் செல்வமேரி பேசறனுங்க. நல்லா இருக்கீங்களா? இந்த ஊட்ட மூடப் போறாங்களாமுங்க. காசு கேக்கலீங்க. இங்க இருந்துட்டுப் போனதுல உங்களுக்கு என்னாச்சுன்னு மட்டும் சொல்லுங்க. ஏழு வருசமா நான் செஞ்சது என்ன வேலைன்னு எனக்குத் தெரியோணும்."

அன்று சாயங்காலமே பதில்கள் வரத் தொடங்கின. இரண்டு வருடம் ஒரு வரிகூட எழுத முடியாமல் இருந்த தன் நாவல் அங்கேதான் நகர ஆரம்பித்தது என்றார் கீரை வேண்டாம் சார். கடுங்காப்பி அம்மா அங்கிருந்து போன பிறகுதான் வங்கி வேலையை விட்டுவிட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பிக்கப் போனாராம். மத்தியானம் தூங்கற தம்பியின் செய்தி மிகவும் சின்னது: "அக்கா, அங்க நான் ஒண்ணும் செய்யல. ஆனா என்னால முடியும்னு நம்பி யாரோ மூணு வேளை சோறு போட்டாங்க. அதுக்கப்புறம்தான் செஞ்சேன்."

இதைச் செல்வமேரி நான்கைந்து முறை கேட்டார். பிறகு கைபேசியை மனுவேலின் காதருகே கொண்டுபோனார். மனுவேல் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுக் கேட்டார். அன்றிலிருந்து அவர் முணுமுணுப்பதில்லை.

எல்லாவற்றையும் சுஜாதாவுக்கு அனுப்பினார். சுஜாதா அவற்றைத் தொகுத்து அவர்களுக்கே திருப்பி எழுதினார்: தனக்குக் கிடைத்த மாதத்தில் ஒரு வாரத்தை, அதாவது அதற்கான செலவை, முகம் தெரியாத இன்னொருவருக்கு ஒவ்வொருவரும் கொடுக்க முடியுமா? மூன்றில் ஒருவர் சரி என்றார். தன் முதுகை வரைந்த வீடு என்று சொல்லி ராசாத்தி வாரம் ஒரு கூடை பீன்ஸும் சௌசௌவும் கொண்டுவந்து வைக்கிறாள். நான்கு அறை இரண்டாகிவிட்டது; வருடம் முழுக்க நடந்தது எட்டு மாதமாகச் சுருங்கிவிட்டது. அடுத்த வருடம் என்னவென்று யாருக்கும் தெரியாது. ஆனால் வீடு திறந்திருக்கிறது. புதிய அழைப்புக் கடிதத்தில் 'பொறுப்பாளர்: செல்வமேரி' என்று சுஜாதா அச்சிட்டிருக்கிறார். மனுவேல் அதைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்.

இது மே மாதம். மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் ஏற்காட்டில் ஓர் அறையும் காலியில்லை. நேற்று மதியம் ஒரு பெரிய கார் வாசலில் வந்து நின்றது. ஒரே ஒரு நாளைக்குத்தான், கேட்கிற வாடகை தருகிறோம் என்றார்கள். செல்வமேரி உள்ளே திரும்பிப் பார்த்தார். முன்னறையில், வந்து ஆறு நாளாகியும் பெட்டியைக்கூடப் பிரிக்காத ஒரு சிற்பி, கட்டிலில் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடமில்லீங்க. உள்ள வேல நடக்குது" என்றார் செல்வமேரி.

கார் போனதும் வாசல் கேட்டைச் சாத்தினார். துருப்பிடித்த தாழ்ப்பாள் சத்தம் போடாமல் இருக்க, முந்தானையை அதன்மேல் சுற்றிப் பிடித்து, மெல்ல மெல்ல உள்ளே தள்ளினார்.