இன்னும் படிக்கிறான்

எங்கள் வீட்டில் ‘படிக்கிறான்’ என்ற சொல்லுக்கு இருந்த மரியாதை வேறு எதற்கும் இருந்ததில்லை. நான் புத்தகத்தோடு உட்கார்ந்தால் போதும், அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார். மலேசியாவின் கிள்ளானில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் கேட்கும். வெளியே நடைபாதையில் பையன்கள் பந்து உதைத்தால் அப்பா கதவைத் திறந்து, “டேய், தம்பி படிக்கிறான், கீழ போய் விளையாடுங்கடா” என்பார். பையன்களும் போய்விடுவார்கள். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்களைக்கூட அம்மா கிசுகிசுத்த குரலில்தான் உள்ளே கூப்பிடுவார்.

அப்பா போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். தமிழை எழுத்துக் கூட்டித் தலைப்புச் செய்தி வரை போவார், அதற்குள் அலுத்துவிடும். அம்மாவுக்குத் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அதனால் என் படிப்பு வீட்டுக்கே பொதுச் சொத்து மாதிரி இருந்தது.

பட்டம் வாங்கினேன். ஷா ஆலமில் ஒரு சரக்கு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அதன் பிறகும் நான் புத்தகத்தோடு உட்காருவது நிற்கவில்லை, அப்பா டிவி சத்தத்தைக் குறைப்பதும் நிற்கவில்லை. மாறியது புத்தகம் மட்டும்தான்.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு நாள், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. பூக்கடைகளுக்குப் பக்கத்தில் ஊதுபத்தியும் நாள்காட்டியும் விற்கும் ஒரு கடையில் ஒதுங்கினேன். ஒன்றும் வாங்காமல் நின்றுகொண்டிருக்கக் கூச்சமாக இருந்தது. வாசலோரம் கயிற்றில் தொங்கிய மாத நாவல்களில் ஒன்றை உருவினேன். அட்டையில் ஒரு பெண் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மூலையில் ஒரு ரோஜாப்பூ.

ரயிலில் பிரித்தேன். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கால்நடை மருத்துவர், பெண். பக்கத்துத் தோட்டத்துக்காரனுக்கும் அவளுக்கும் ஒரு கன்றுக்குட்டியை வைத்துச் சண்டை. அந்தச் சண்டை எங்கே போய் முடியும் என்பது முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிட்டது. தெரிந்தும் என்னால் மூடி வைக்க முடியவில்லை. கிள்ளான் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. பெட்டியைக் கூட்ட வந்த அக்கா துடைப்பத்தால் என் காலைத் தட்டி, “தம்பி, இது கடைசி ஸ்டேஷன் லா, எறங்குங்க” என்றார். போர்ட் கிள்ளானில் இறங்கி, அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மிச்சத்தையும் முடித்துவிட்டுத்தான் திரும்பும் ரயிலைப் பிடித்தேன்.

அன்றிலிருந்து காதல் நாவல்தான். ஏன் பிடிக்கிறது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அந்தக் கதைகளில் ஒருவர் இன்னொருவரைக் கவனிக்கிறார். அவள் காபியை ஆறவைத்துத்தான் குடிப்பாள் என்பதை அவன் கவனிக்கிறான். அவன் கோபமாக இருந்தால் சட்டைக் கையை மடிப்பான் என்று அவளுக்குத் தெரிகிறது. பிறகு அதையெல்லாம் பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொள்ளவும் செய்கிறார்கள். எங்கள் வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. ஆனால் அது “சாப்டியா?” என்ற கேள்வியோடு முடிந்துவிடும். அப்பா அம்மாவிடம் பிரியமாகச் சொல்லி நான் கேட்ட மிக நீளமான வாக்கியம், “மழ வர்ற மாதிரி இருக்கு, கொடய எடுத்துக்க” என்பதுதான்.

குறைகள் தெரியாமல் படிக்கவில்லை. நாயகர்கள் எல்லோரும் ஆறடி. பாதிப் பேருக்குச் சொந்தமாக மில் இருக்கும். நாயகன் கையை ஓங்குகிற கதையை அந்தப் பக்கத்தோடு மூடிவிடுவேன், பிறகு அவன் எவ்வளவு உருகினாலும் திறக்க மாட்டேன். மற்றபடி, ரோஜாப்பூ அட்டை எனக்குச் சங்கடமாக இருந்ததில்லை. சாப்பாட்டு மேசையில் முகம் தெரியத்தான் கிடக்கும். அப்பா அதை அலுங்காமல் ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டுச் சோற்றுத் தட்டை வைப்பார். அச்சடித்த எழுத்து எதுவானாலும் அவருக்கு அது பாடம். என்ன பாடம் என்று அவர் கேட்டதில்லை. கேட்கக்கூடத் தனக்குத் தகுதி இல்லை என்று நினைத்தாரோ என்னவோ.

போன வருஷம் அத்தை ஒரு வரன் கொண்டுவந்தார். பிரிக்பீல்ட்ஸிலேயே, அத்தை வீட்டுக்கு இரண்டு புளோக் தள்ளி. பெண்ணின் அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், அவருடைய அப்பாவும் ரயில்வேதான். பெண் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். “பொண்ணு நல்லா படிச்ச பிள்ள. நம்ம தம்பியும் வேலை பாத்துக்கிட்டே இன்னும் படிக்கிறான்னு சொல்லியிருக்கேன். அவங்களுக்கு ரொம்பப் புடிச்சிப்போச்சு” என்றார் அத்தை. அப்பாவின் வாயிலிருந்து அத்தைக்குப் போன வாக்கியம் அது. நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். எந்த வீட்டுக்குப் போனாலும் அப்பா கதவோரத்து நாற்காலியைத்தான் தேடுவார். அன்று பெண்ணின் அப்பா கையைப் பிடித்து நடு சோபாவில் உட்கார வைத்தார். அப்பாவும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்து நான் அவரைப் பார்த்ததில்லை.

பெண்ணின் அம்மா, உருளைக்கிழங்குக் கறி வைத்துப் பொரித்த கறிபாப் தட்டை என் பக்கம் நகர்த்தினார். “எடுத்துக்குங்க தம்பி. படிக்கிற பிள்ளைங்க நல்லா சாப்பிடணும்.”

“படிப்பு எப்ப முடியுது?” என்று பெண்ணின் அப்பா என் அப்பாவைக் கேட்டார். “அதப் பாத்துத்தானே தேதி வைக்கணும்.”

அப்பா சிரித்தார். “அது எங்கங்க முடியுது? ஒண்ண முடிச்சா ஒடனே இன்னொண்ண எடுத்துருவான்.”

“மாஸ்டர்ஸ் முடிச்சிட்டு பிஎச்டியா?”

அப்பாவுக்கு அந்த இரண்டும் என்னவென்று தெளிவாகத் தெரியாது. கேட்டவர் முகத்திலிருந்த மதிப்பு மட்டும் தெரிந்தது. “எல்லாந்தான். மாசத்துக்கு நாலு முடிச்சிருவான்.”

“நாலா?”

“வேகமா படிப்பான்ங்க. லீவு நாளா இருந்தா காலையில எடுத்தான்னா சாயந்தரம் முடிச்சிருவான்.”

அத்தை பெருமையோடு தலையாட்டினார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பா ஒரு பொய்யும் சொல்லவில்லை. பரீட்சைக்குப் படித்தாலும் படிப்புதான், ஆசைக்குப் படித்தாலும் படிப்புதான். தமிழில் இரண்டும் ஒரே சொல். என் பல்கலைக்கழக நாட்களில் அவர் சொல்ல ஆரம்பித்ததை நிறுத்தச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பேசாமல் இருந்திருக்கலாம். அப்பா அந்த சோபாவில் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். ஆனால் எதிரே இருந்த பெண் என்னைப் பார்த்தே கேட்டார். “எந்த யூனியில செய்றீங்க?”

“யூனி இல்லைங்க” என்றேன். “டிகிரியோட நிறுத்திட்டேன். இப்ப படிக்கிறது கதப் புக்கு.”

“கதைன்னா?”

“காதல் நாவல்.”

முதலில் வெடித்துச் சிரித்தது, சுவரோரம் நின்ற பெண்ணின் தம்பிதான். “அண்ணே! அது எங்க சித்தி படிக்கிற புக்கு லா! அழுவீங்களா?”

“சில கதைக்கு.”

“டேய், சும்மா இருடா” என்றார் அவன் அம்மா. சொல்லும்போது அவருக்கே உதடு துடித்தது.

“அப்ப பிஎச்டி…” என்று பெண்ணின் அப்பா இழுத்தார்.

“இல்லைங்க அங்கிள்.”

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த கறிபாப்பைப் பார்த்தார். பாதி கடித்ததை அப்படியே தட்டில் வைத்தார்.

வந்ததற்கு இரண்டு வார்த்தை பேசட்டும் என்று எங்களை வெளி நடைபாதைக்கு அனுப்பினார்கள். கீழே தண்டவாளத்தில் ஒரு ரயில் கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் ஊர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் கம்பியில் சாய்ந்துகொண்டு, “கடைசியில சேந்துருவாங்களா?” என்று கேட்டார்.

“எப்பவும்.”

“முன்னாடியே தெரியுமா?”

“மொத அத்தியாயத்துலயே.”

“அப்புறம் எதுக்குங்க படிக்கணும்?”

எனக்குச் சாமர்த்தியமாக ஒன்று தோன்றியது. “உங்க பேஷண்ட் நடந்துருவார்னு உங்களுக்கும் முன்னாடியே தெரியும்தானே. இருந்தாலும் தினம் போய்ப் பாக்குறீங்கள்ல?”

“எல்லாரும் நடக்க மாட்டாங்க” என்றார் அவர்.

“அதுக்குத்தாங்க படிக்கிறேன்” என்றேன்.

உள்ளே திரும்பும்போது அவர், “ஹீரோ எத்தன அடி?” என்றார்.

“ஆறு.”

“நீங்க?”

“அஞ்சரை. ஷூ போட்டா.”

சிரித்தாரா என்று பார்ப்பதற்குள் அத்தை கூப்பிட்டுவிட்டார். விடைபெறும்போது பெண்ணின் அப்பா, “வீட்டுல பேசிட்டு சொல்றோம்” என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும்.

காரில் அப்பா பெடரல் ஹைவே பாதி தூரம் வரை முன்னால் போன லோரிகளையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். பிறகு, “வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்லடா” என்றார்.

“அவங்க கேட்டாங்கப்பா.”

“போர்ட்ல இருக்கிற அத்தன டிரைவருக்கும் சொல்லி வச்சிருக்கேன், எம் மவன் இன்னும் படிக்கிறான்னு. இனிமே என்னான்னு சொல்லுவேன்?”

“படிக்கத்தானே செய்றான்” என்றார் பின்சீட்டிலிருந்து அம்மா.

“இது படிப்பா?”

அந்தக் கேள்வி எனக்கு நேராகப் பட்டது. சிறிது நேரம் கழித்து அம்மாதான் கேட்டார். “அப்படி என்ன கதடா அது?” கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். முதலில் படித்த அந்தக் கால்நடை மருத்துவர் கதையைச் சொன்னேன். கன்றுக்குட்டி, சண்டை, வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக அவர்கள் நின்று பேசியது. வெள்ளம் வந்த அன்று அவன் கன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பா திடீரென்று பிரேக்கைத் தொட்டு, ஸ்டியரிங்கை அடித்தார். எங்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டி வெகுதூரம் வந்திருந்தோம். அந்த வட்டாரத்தில் அவர் லோரி போகாத சாலை இல்லை.

“பேச்சுக் குடுத்தே வழிய விட வச்சிட்டீங்க ரெண்டு பேரும்” என்று எரிந்து விழுந்தார்.

அந்த வாரம் முழுவதும் டிவி முழுச் சத்தத்தில் ஓடியது. நான் புத்தகத்தை எடுத்தாலும் ஓடியது. நடைபாதையில் பந்து சுவரில் மோதிக்கொண்டே இருந்தது, யாரும் கதவைத் திறந்து விரட்டவில்லை. பெண் வீட்டிலிருந்து சேதி வராதது எனக்கு வருத்தம்தான். அதைவிட, அந்தச் சொல் வீட்டை விட்டுப் போய்விட்டதே என்பதுதான் அதிகம் உறுத்தியது. என்னை இத்தனை வருஷம் தாங்கிக்கொண்டிருந்த சொல். அறைக்குள் போய்க் கதவை மூடிப் படித்திருக்கலாம். அப்படிச் செய்தால் தப்புச் செய்தவன் மாதிரி ஆகிவிடும் என்று கூடத்திலேயே, அப்பாவுக்கு எதிரிலேயே, அதே ரோஜாப்பூ அட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அடுத்த ஞாயிறு மாலையில் அப்பா ஃபோன் அடித்தது. டிவியில் பந்தாட்டம். இரைச்சலுக்கு மேலே கத்திப் பேசினார்.

“ஆமாங்க… நல்லா இருக்கோம்ங்க. பசியாறியாச்சு… தம்பியா? இருக்கான், இருக்கான்.”

என்னைத் திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த புத்தகத்தையும் பார்த்தார்.

“படிக்கிறான்” என்றார். சொன்னவர் சட்டென்று நிறுத்தினார். எதிர்முனையில் இருப்பவர் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதே என்று அவசரமாகச் சேர்த்தார். “பரீட்சைக்கு இல்லீங்க. கதப் புக்குதான்… ஓ, பாப்பா பேசணுமாமா? தாராளமா. ஒரு அஞ்சு நிமிசத்துல கூப்பிடச் சொல்றேனே. கடைசிப் பக்கம் மாதிரி இருக்கு, அத முடிக்கட்டும்.”

ஃபோனை வைத்தார். ரிமோட்டைத் தேடி எடுத்து டிவி சத்தத்தைக் குறைத்தார்.

“பொண்ணு வீடு. அந்தப் பிள்ளதான் பேசணுமாம்” என்றார், திரையைப் பார்த்தபடியே. “மொத அத முடி. அப்புறம் பேசு.”

கடைசிப் பக்கத்துக்கு இன்னும் வெகுதூரம் இருந்தது. நான் குனிந்து பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த நிசப்தத்தில் ஒரு வரிகூட ஏறவில்லை.