வாப்பாவின் சட்டையில் தைத்த கவுன்

ஆழிப்பேரலை வந்த 2004ஆம் ஆண்டின் கடைசி வாரம் அது. பழைய துணிகளைப் பிரித்து வேறு உடையாக மாற்றித் தரும் தையற்கடை ஒன்றைச் சிதம்பரத்தில் நான் நடத்தி வந்தேன். அலை அடித்த மறுநாள் நண்பகலில், பரங்கிப்பேட்டை இளைஞர் ஒருவர் மூச்சிரைக்கக் கடைக்குள் நுழைந்தார். உறவினருடன் கடற்கரைக்குப் போன அவருடைய அக்காள் மகள் வீடு திரும்பவில்லை. அரசு மருத்துவமனையில் ஒரு சிறுமியின் உடல் இருந்தது. முகம் அடையாளம் தெரியவில்லை.

"கவுன மட்டும் காட்டுறாங்கண்ணே. அக்கா நம்ம புள்ளயோடது இல்லன்னுது. தச்சவரு நீங்க, வந்து பாருங்க. சாயங்காலத்துக்குள்ள யாரும் வரலன்னா மத்தவங்களோட ஒரே குழியில போட்டுடுவாங்களாம்."

அந்தக் கவுன் எனக்கு நினைவிருந்தது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் தந்தை விட்டுச் சென்ற நீலச் சட்டையை, அச்சிறுமி தலைமாட்டிலிருந்து எடுக்கவே விடுவதில்லை. "வாப்பா சட்டையப் போட்டுக்கினு ஊரையே அதட்டப் போறா இவ. வெட்டித் தச்சிக் குடுங்கண்ணே" என்று சிரித்துக்கொண்டே தாய் அதைக் கொடுத்தார். மிட்டாய் போட்டுக்கொள்ளக் கைக்கு எட்டும் இடத்தில் பாக்கெட் வேண்டுமென்றாள் சிறுமி. மார்பிலிருந்த பாக்கெட்டைப் பிரித்து இடுப்போரம் வைத்தேன். அது முன்பிருந்த இடம் மட்டும் வெளுக்காமல் கருநீலச் சதுரமாகத் தெரிந்தது. அதன்மேல் தாயின் பச்சைச் சேலைத் துண்டொன்றை வைத்துத் தைத்து மறைத்தேன்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் தாய் சுவரோரம் அமர்ந்திருந்தார். ஊழியர் நீட்டிய கவுனில் சேறு படிந்து எல்லா நிறமும் ஒன்றாகியிருந்தது.

"பாக்கெட் வெச்ச கவுன் ஊர்ல ஆயிரம் இருக்கும்ணே. எம்புள்ள கடலூர் முகாம்ல இருக்குதாம். பாத்தவங்க சொன்னாங்க" என்றார் தாய்.

நான் குழாயடியில் கவுனை அலசி, ஒட்டுத்துணியின் ஓரத் தையலைப் பிரித்தேன். அடியில் அந்தக் கருநீலச் சதுரம் இருந்தது. என் முகத்தை அவர் பார்த்துவிட்டார்.

"சொல்லாதீங்கண்ணே. தெரியலன்னு சொல்லிடுங்க."

அவ்வாறே சொல்லிவிடத்தான் மனம் துடித்தது. சொல்லியிருந்தால் அவர் முகாம் முகாமாக அலைந்துகொண்டிருப்பார். பிள்ளையோ பெயரின்றிப் புதைந்திருக்கும்.

"நான் தச்சதுதாம்மா" என்றேன்.

"படுபாவி, உன்ன யாருடா வரச்சொன்னது?" என்று அவர் என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். தம்பி விலக்க முயன்றார். வேண்டாமென்று நான் தலையசைத்தேன்.

அன்று மாலை, தைக்காத வெண்துணியில் சுற்றித் தொழுகை நடத்தி, தங்கள் ஊரிலேயே சிறுமியை அடக்கம் செய்தனர்.

சில மாதங்கள் கழித்து அத்தாய், துவைத்து மடித்த கவுனுடன் தம்பியை அழைத்துக்கொண்டு கடைக்கு வந்தார்.

"அன்னிக்கி பேசினத மனசுல வெச்சிக்காதீங்கண்ணே. அவ வாப்பா வர்றாங்க. இத இப்பிடியே பாத்தா தாங்க மாட்டாங்க. பிரிச்சுப் பழையபடி சட்டையாவே ஆக்கிக் குடுங்க."

மேசைமேல் அதை விரித்தேன். கைகள் இல்லை, காலரும் இல்லை. எந்த வழியில் மடித்துப் பார்த்தும் ஒரு மனிதனின் தோளுக்கு அத்துணி போதவில்லை. கவுனாகவே திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை மீண்டும் மடித்து எடுத்துக்கொண்டார்.

பழையதைப் புதியதாக்கும் தொழிலை இன்றும் செய்து வருகிறேன். எனினும், ஒருமுறை வெட்டிய துணி முன்பிருந்த உருவுக்கு ஒருபோதும் மீளாது என்னும் நினைவு, ஒவ்வொரு பழைய சட்டையிலும் கத்தரியை வைக்குமுன் என் கையைச் சற்று நிறுத்திவிட்டே விலகுகிறது.