நெல் அம்பாரத்தில் ஒரு 'ப'

எல்லாவற்றுக்கும் பால்வாடி டீச்சரம்மாதான் காரணம் என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். உத்திரமேரூர்ப் பக்கத்தில் எங்கள் சின்ன ஊருக்கு அதற்குமுன் வந்த டீச்சர்கள், கஞ்சி ஊற்றித் தூங்கவைப்பதோடு சரி. இந்த டீச்சரம்மா விஜயதசமியன்று தாம்பாளத்தில் நெல்லைப் பரப்பி, என் விரலைப் பிடித்து 'ப' எழுதவைத்தாள். மூன்றே இழுப்பு. "பாப்பா, இனிமே எங்க வேணா எழுது, இன்னாத்துல வேணா எழுது" என்று உத்தரவும் கொடுத்துவிட்டாள்.

நான்கு வயதில் எனக்குப் பிடித்த ஒரே உத்தரவு அது, விடுவேனா? சுவரில் கரியால் எழுதினேன். சும்மா படுத்திருந்த எருமையின் முதுகில் சுண்ணாம்பால் எழுதினேன். அது எழுந்துபோய்த் தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்தது. ஆனாலும் மனசு நிறையவில்லை. எழுத்து என்றால் நெல்லில் எழுதவேண்டும். வீட்டு நெல்லைத் தொட்டால் அம்மா கையை ஒடித்துவிடுவாள்.

தை அறுப்பு வந்தது. நைனாவுக்கும், அதாவது என் அப்பாவுக்கும், சித்தப்பாவுக்கும் நிலம் பொது. தூற்றிய நெல்லைக் களத்தில் அம்பாரமாகக் குவித்து மறுநாள் பங்கு பிரிப்பார்கள். இரவுக் காவல் சித்தப்பா. நைனா வீட்டுக்குக் கிளம்புமுன் அம்பாரத்தின்மேல் சாம்பலால் கோடு இழுத்துக் குறி போடுவார். யாராவது நெல்லில் கைவைத்தால் குறி கலைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

பொழுது சாயும் நேரத்தில் சித்தப்பாவுக்கு அம்மா சோறு கொண்டுபோனபோது நானும் ஒட்டிக்கொண்டேன். என்னைவிட இரண்டு மடங்கு உயரத்துக்கு நெல்! நைனா எழுதியிருக்கிறார், நான் எழுதக்கூடாதா? சித்தப்பா சாப்பிடும்போது பின்பக்கமாகப் போய், சாம்பல் கோட்டின்மேலேயே முழங்கை மூழ்க ஒரு பெரிய 'ப' போட்டேன். மேலிருந்து நெல் சரிந்து அதைப் பாதி மூடியது.

காலையில் நைனா போட்ட சத்தத்தில் நானும் அம்மாவும் களத்துக்கு ஓடினோம்.

"குறி கலஞ்சிகீதே. ராவெல்லாம் இன்னா பண்ணிக்கினு இருந்த?"

சித்தப்பாவின் முகம் செத்துப்போயிற்று. "அப்போ நான் திருட்னேன்றியா அண்ணே? நெலத்த இப்பவே பிரி. வூட்டையும் பிரிச்சிடு."

ஆட்கள் முறத்தோடு அப்படியே நின்றார்கள். எனக்கோ ஆத்திரம். என் எழுத்து ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லையே!

"அது 'ப' நைனா! நான் எழுதனது!" என்று கத்தினேன். யாரும் நம்புவதாக இல்லை. அதனால் பக்கத்திலேயே இன்னொன்று எழுதிக் காட்டினேன். மிச்சமிருந்த கோடும் போயிற்று.

முதலில் ஆட்கள் சிரித்தார்கள். அப்புறம் சித்தப்பா, கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டே. தூசி விழுந்திருக்கும் என்று நினைத்தேன். நைனா மட்டும் சிரிக்கவில்லை. அடி விழும் என்று அம்மாவின் பின்னால் ஒளிந்தேன், விழவில்லை.

அடுத்த தையில் நைனா களத்துக்குச் சாம்பலே எடுத்துவரவில்லை. என்னைத் தூக்கிவந்து அம்பாரத்தருகே இறக்கி, சித்தப்பாவின் முகத்தைப் பார்க்காமல், "எழுதும்மா" என்றார். ஊர்க் களமெல்லாம் சாம்பல் கோடு. எங்கள் அம்பாரத்தில் மட்டும் 'ப'. என் எழுத்து அவ்வளவு அழகு என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.