சாமி வந்த ஞாயிற்றுக்கிழமை

திருச்செங்கோட்டில் யாரைக் கூப்பிட்டாலும் 'சாமி'தான். பெற்ற பிள்ளையும் சாமி, பால் ஊற்ற வருகிறவரும் சாமி. அதனால், ஆப்பிரிக்காவில் போர்வெல் ரிக் வைத்திருந்த சித்தப்பாவின் போனை யாரோ எடுத்து, "சாமி பேசறனுங்க்கா" என்றபோது அம்மாவுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

இரண்டு வருடம் அந்தக் குரலோடு பேசினாள். சித்தப்பாவுக்குக் காய்ச்சல் கண்டபோது கஞ்சி வைக்கும் பக்குவத்தை அந்தக் குரலுக்குத்தான் சொல்லிக் கொடுத்தாள். "உங்களுக்கு எந்த ஊருங்க சாமி?" என்று கேட்டால், "ரிக்கு நிக்கற எடந்தானுங்க்கா நம்மூரு" என்று பதில் வரும். தம்பி இல்லாத குறை தீர்ந்தது என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ரிக்குக்குப் பாறை துளைக்கும் பிட் வாங்க சாமி வருகிறார், நம் வீட்டில்தான் சாப்பாடு என்றார் சித்தப்பா. சாமி கென்யாக்காரர், ரிக்கில் நம்மூர் ஆட்களோடு பழகியே தமிழும் அந்தப் பெயரும் ஒட்டிக்கொண்டன என்பதைச் சொல்ல சித்தப்பாவுக்குத் தோன்றவில்லை. கேட்க அம்மாவுக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழிக் குழம்பு கொதித்தது. நான் முகத்தில் கடலைமாவு அப்பிக்கொண்டு அது காயக் காத்திருந்தேன். பத்து வயதில் என் நிறம் அம்மாவுக்குப் பெரிய கவலை. வாரம் தவறாமல் மாவு பூசினாள். மாவுதான் தீர்ந்தது.

கேட்டில் மணி அடித்தது. எட்டிப் பார்த்த அம்மா ஜன்னலைச் சாத்தி, கதவைத் தாழிட்டு, பின்வாசலுக்கு ஓடிப் பக்கத்து வீட்டைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏனுங்க மாமா, கருகருன்னு ஒருத்தன் வந்து நிக்கறானுங்க! புள்ளய வெச்சுக்கிட்டுத் தனியா இருக்கறனுங்க!"

பக்கத்து வீட்டுத் தாத்தா தடியோடு வந்தார். வெளியே நின்றவர் அவரைக் கும்பிட்டு, "அண்ணன் ஊடு இதுதானுங்களே?" என்றார்.

"தமிழு வேற பேசறான். உசாரா இரு சாமி!" என்று தாத்தா அம்மாவுக்குக் குரல் கொடுத்தார்.

பிள்ளை பிடிப்பவர்கள் கதையைப் பள்ளியில் கேட்டிருந்த நான் சும்மா இருப்பேனா? ஜன்னலைத் திறந்து, "பையத் தொறந்து காட்டச் சொல்லுங்க தாத்தா!" என்று கத்தினேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது.

அவர் மறுபேச்சில்லாமல் குனிந்து பையைத் திறந்தார். பிட் அளவு எழுதிய சீட்டு, ஒரு டப்பா மிட்டாய், பூப்போட்ட துணி ஒன்று. துணியை ஜன்னல் பக்கம் தூக்கிக் காட்டி, "அக்கா, நாந்தானுங்க சாமி" என்றார்.

அந்தக் குரலைக் கேட்டபிறகுதான் கதவு திறந்தது. அம்மா அவரை விழுந்து விழுந்து கவனித்தாள். கேட்காமலே குழம்பை ஊற்றினாள். "கூச்சப்படாதீங்க சாமி" என்று நூறு தரமாவது சொல்லியிருப்பாள்.

அவர் என்னைப் பார்த்து, "மூஞ்சில என்ன சாமி?" என்று கேட்டார்.

"செவப்பாகறதுக்குங்க."

அம்மாவின் கரண்டி குண்டாவிலேயே நின்றுவிட்டது. அவர் தலையை ஆட்டிக்கொண்டு மீதிச் சோற்றைச் சாப்பிட்டு எழுந்தார்.

அடுத்த மாதம் அம்மா சித்தப்பாவுக்குப் போன் போட்டாள். அதே குரல்தான் எடுத்தது. "வணக்கம் மேடம். அண்ணன்கிட்டக் குடுக்கறன்." அம்மா ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் சித்தப்பா பேச ஆரம்பித்துவிட்டார்.

பேசி முடித்த பிறகும் அம்மா போனைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். நான்தான் அவளை உலுக்கிச் சந்தோஷமாகச் சொன்னேன்: "பாத்தியாம்மா, சாமி உன்னய மேடங்கறாரு! நம்மூருக்கு வந்துட்டுப் போனதுல எவ்வளவு மரியாதை கத்துக்கிட்டாரு!"